எனக்கு வெளங்கல்ல மச்சான்

நிலுக்சன்: ...சிலாபமும் தாண்டிட்டு. இப்பயாவது சொல்லன்.

ஃபாஹிம்: என்னத்த?

நிலுக்சன்: உன்ட றிசல்ட்ட. பஸ் ஏறினதில இருந்து கேக்கிறன்.

ஃபாஹிம்: ஒன்ட கதையச் சொல்லு. முதல் செமஸ்டர் மெக்கானிக்ஸ்ல பெயிலான ஆள், இப்ப பி பிளஸ். ஒன்ட ஊர் உடப்பில கேக் வெட்டுவாங்களா?

நிலுக்சன்: பெயிலானதே வீட்டில தெரியாது. எஞ்சினியரிங் கிடைச்சதெண்டு சந்தியில பேனர் கட்டினவங்க... எந்த முகத்தோட சொல்றது.

ஃபாஹிம்: இங்க ரியூசன் எங்க நடக்குது என்டு லெக்சரர்ட்டயே கேட்ட ஆளாச்சே நீ.

நிலுக்சன்: சிரியாத. ஏ.எல்.ல ரியூசன் சேர் சொன்னத கொப்பியில மூண்டு கலர்ல எழுதிப் பாடமாக்கினன். கம்பஸ்லயும் அப்பிடியே...

ஃபாஹிம்: கொப்பி நல்ல வடிவு.

நிலுக்சன்: கொப்பி பாஸ், நான் பெயில். நுரைச்சோலை கரன்ட் பிளான்ட்ல ஏதும் வேலை பாப்பம் எண்டு பையும் கட்டிட்டன். அப்ப நீ வந்தாய்.

ஃபாஹிம்: "எனக்கு வெளங்கல்ல மச்சான், இந்தப் பாடத்தச் சொல்லித் தந்துட்டுப் போ."

நிலுக்சன்: கொப்பிய மூடிட்டு, வெறுந்தாள்ல சொல்லித் தரச் சொன்னாய். பாதியில நிண்டுட்டன். தலைக்குள்ள ஒண்டுமில்லை எண்டு அண்டைக்குத்தான் தெரிஞ்சுது.

ஃபாஹிம்: மறுநாள் நீயே வந்தியே.

நிலுக்சன்: மறுநாள் அதையே கேட்டாய். மூண்டு நாள் விட்டுத் திரும்பவும் கேட்டாய். இவன் என்ன இவ்வளவு மொக்கு எண்டு... ஆனா உனக்குச் சொல்லிச் சொல்லியே எனக்குப் பிடிபட்டிச்சு. உன்னாலதான்டா நான் பாஸ். சாகும்வரைக்கும் மறக்கமாட்டன்.

ஃபாஹிம்: விடுடா...

நிலுக்சன்: சரி, போனத் தா. உன்ட றிசல்ட் பாப்பம்.

ஃபாஹிம்: சார்ஜ் இல்ல.

நிலுக்சன்: ரெண்டு பேற்ற நம்பரும் ஒரே லிஸ்ட்லதானே. பாத்துட்டன். ஏ பிளஸ்.

ஃபாஹிம்: பேப்பர் லேசு மச்சான்.

நிலுக்சன்: முதல் செமஸ்டரும் ஏ பிளஸ்தானே?

ஃபாஹிம்: ...ஓம். வெளங்கல்ல என்டு பொய்தான் சொன்னன். சொல்லித் தாறன் என்டா நீ வந்திருக்கமாட்ட, ரோசக்காரன். கோவமா?

நிலுக்சன்: ரெண்டாம் கிழமையே தெரியும்டா.

ஃபாஹிம்: எப்பிடி?

நிலுக்சன்: நான் மழுப்புற இடம் பாத்துத்தான் ஒவ்வொரு நாளும் உனக்கு விளங்காமப் போச்சு. பையக் கொஞ்சம் எடுத்துத் தா, சந்தி வருது.

ஃபாஹிம்: இரு... தெரிஞ்சும் ஏன் இவ்வளவு நாளும் சொல்லல்ல?

நிலுக்சன்: சொன்னா நீ கேக்கிறத விட்டுடுவாய். நீ கேக்காட்டி, நான் திரும்பவும் பையைக் கட்டியிருப்பன்.