மச்சானுக்குப் போட்ட இரண்டு ஊசி

பெரிய பெரிய கம்பெனிகள் பத்து வருஷம் மல்லுக்கட்டுகிற மருந்துச் சோதனையை, ஓய்வு பெற்ற பிறகு, இரண்டே ஊசியில் முடித்தவன் நான். இதைச் சொன்னதும் விசாரணை அதிகாரி பேனாவை மூடிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கொட்டும் மழையில் இரண்டு துளிகளுக்கு நடுவே நடந்து வந்தேன் என்று லேபில் சத்தியம் செய்த ஆள் நான்.

ஆனால் அன்று விசாரணை அறைக்கு நான் விளையாட்டுக்குப் போகவில்லை. என் மனைவியின் புற்றுக்கட்டி எந்த மருந்துக்கும் மசியவில்லை. நான் உருவாக்கிய மருந்தோ, சில குப்பிகள் காணாமல் போனதால், நான் வேலை பார்த்த பழைய லேபில் பூட்டிக் கிடந்தது. "மனுஷ உடம்புல சோதிச்சிருந்தா மேலிடத்துல பேசிப் பார்க்கலாம். சும்மா எப்படிங்க கேக்குறது?" என்று கைவிரித்த டாக்டரம்மாவும் அந்த அறையில்தான் இருந்தார். கதவோரம் மச்சான், என் மனைவியின் தம்பி, வழக்கம்போல் இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டபடி.

விளக்கினேன். ஆன்டிபாடி மருந்து என்பது, உடம்பின் காவல் அணுக்களை இழுத்துப் புற்றின் மேல் ஏவிவிடும் ஒரு கை. அந்தக் கைக்கு இடம் பொருள் ஏவல் தெரியாது. நல்ல உறுப்பிலும் கலவரம் மூட்டிவிடும். வழி கிடைத்தது மச்சானின் தையல்கடையில். புதுக் கோட்டின் பையை அவர் லேசாகத் தைத்து மூடித்தான் கொடுப்பார். நூலை வெட்டினால்தான் கை உள்ளே போகும். புற்றுக்கட்டியிடம், அக்கம்பக்கத்துச் சதையை அரித்துப் பரவ, நொதி என்ற ஒரு கத்தரி உண்டு. அந்தக் கத்தரி மட்டுமே வெட்டக்கூடிய நூலால் மருந்தின் பிடியைத் தைத்து மூடினேன்.

மச்சானுக்கு வைட்டமின் ஊசி போடுவது நான்தான். ஒரு முறை வைட்டமினுக்குப் பதில், லேபிலிருந்து நான் எடுத்து வந்திருந்த இந்த மருந்தைப் போட்டேன். ஒரு தும்மல்கூட வரவில்லை. சிக்கலே அதில்தான். தையல் அவரைக் காப்பாற்றியதா, மருந்தே செத்துக் கிடக்கிறதா? அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, தையல் போடாத மருந்தையும் அதே உடம்பில் போட்டுப் பார்ப்பது.

வேறு ஆளைப் பிடித்திருக்கலாம். ஊரான் வீட்டுப் பிள்ளையைத் தொட என் மனசாட்சி இடம் தரவில்லை.

மருந்து உயிரோடுதான் இருந்தது. மச்சானுக்குக் காய்ச்சல் எகிறி, ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போய், ஐசியூவில் கிடந்தார். மூன்று விரல் நுனிகள் கறுத்து உதிர்ந்தன. இடது கைதான். கத்தரி பிடிக்கிற கைக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று சந்தோஷத்தில் அழுதேன். நர்ஸ் என்னைத் தேற்றினாள்.

டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதிகாரி மச்சானைப் பார்த்தார்.

"சார், இவரு எறும்புக்கு ஆபரேஷன் பண்ணேன்னு சொல்ற ஆளு. எனக்கு வந்தது வைரஸ் காய்ச்சல். அக்கா மேல உள்ள பாசத்துல மாமா ஏதேதோ உளறுறாரு. விட்டுருங்க."

வாழ்க்கையில் ஒரே ஒரு உண்மை, அதுவும் விலை போகவில்லை. "மச்சான், நல்லா யோசிச்சுப் பாருங்க. அன்னிக்கு உங்களுக்குக் குளிர் எடுத்தப்ப என்ன போர்த்தினேன்?"

"கம்பளி."

"அது எங்க இருந்துச்சு?"

மச்சான் பையிலிருந்து மெல்லக் கையை வெளியே எடுத்து, அதை முதன்முதலாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

"நாற்காலி மேல மடிச்சு வச்சிருந்துச்சு சார். அன்னிக்கு வெயில் மண்டையப் பொளந்துச்சு. ஊசி போடுறதுக்கு முன்னாடியே... எனக்குக் குளிரும்னு தெரிஞ்சு எடுத்து வச்சிருக்காரு."

என்னை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டாக்டரம்மா முன்னால் அந்தக் கையை மேசைமேல் விரித்து வைத்தார்.

"நடந்துச்சும்மா. இந்தாங்க ஆதாரம். அக்காவுக்கு மருந்தக் குடுங்க. அப்புறம் இந்த மனுஷன உள்ள தூக்கிப் போடட்டும்."