சோம்பேறி கண் விழித்தது

மர்டோ: ...இல்ல டெல்மா, நீ முதல்ல கேளு. சோம்பேறி முழிச்சுக்கிட்டான்.

டெல்மா: எந்தச் சோம்பேறி? உன் மச்சினனா?

மர்டோ: விளையாடாதே. பச்சோந்தி நட்சத்திர மண்டலத்துல இருக்கானே, நம்ம குறுநோவா. முப்பத்தொரு வருஷமா நான் காவல் காக்கிற நட்சத்திரம்.

டெல்மா: ...நெஜமாவா?

மர்டோ: ஒளியளவு பதினொண்ணு புள்ளி எட்டு. எண் அவ்வளவு இறங்கி, பளிச்சுன்னு உக்காந்திருக்கான்.

டெல்மா: அவன் எப்பவும் பதினேழையும் தாண்டி மங்கிக் கிடக்கிறவனாச்சே. உன் தொலைநோக்கிக்கு எட்டவே மாட்டான்.

மர்டோ: அதைத்தானே சொல்றேன்! வெறும் இருட்டா இருந்த இடத்துல இன்னைக்கு ஆள் இருக்கு.

டெல்மா: ஆறு வருஷம் முன்னாடியும் இப்படித்தான் ஆள் இருக்குன்னே. ஊர் உலகத்துக்கெல்லாம் எழுதினே. மறுநாள் பார்த்தா அது சிறுகோள். அது பாட்டுக்குத் தன் வழியில போயிட்டிருந்தது.

மர்டோ: அந்த மானக்கேடு போதாதா? அதனாலதான் யாருக்கும் எழுதாம உனக்குப் போன் பண்றேன். சிறுகோள் பட்டியல் பார்த்தாச்சு, அந்தப் பக்கம் ஒண்ணுமில்ல. ஒரு மணி நேரமா நகரவும் இல்ல. இனி இன்னொருத்தர் பார்த்துச் சொல்லணும்.

டெல்மா: இங்கே இப்பத்தான் இருட்டுது. நாய்க்குச் சாப்பாடு கூட வைக்கல.

மர்டோ: நாய் பொறுத்துக்கும். என்னால முடியாது.

டெல்மா: சரி சரி... கேமராவைத் திருப்பறேன். எங்க ஊர் லாங்ரீச்சுல இன்னைக்குப் புழுதி வேற. உங்க நேஸ்பியில எப்படி?

மர்டோ: நிலமெல்லாம் உறைபனி. பூட்ஸ் வெச்சா நொறுங்குது.

டெல்மா: எந்த நட்சத்திரத்தோட ஒப்பிட்டுப் பார்த்தே?

மர்டோ: அது வந்து... கிழக்கே இருக்கிற ஜோடியில... ம்?... ஆமா, மங்கலானவன். அவன் பதினொண்ணரை. நம்மாளு அவனைவிட வெளிச்சம் கொஞ்சம் கம்மி.

டெல்மா: யாரு அது பக்கத்துல முணுமுணுக்கிறது?

மர்டோ: எஃபிதான். சூப் கொண்டு வந்தா.

டெல்மா: எஃபி, இந்தக் குளிர்ல புருஷனுக்குச் சூப் வேற சுமந்துட்டு வர்றியா? நீ செல்லம் கொடுத்துக் கெடுத்த ஆளுதான் இவன்.

எஃபி: நாற்பது வருஷமாக் கெடுத்தாச்சு டெல்மா. இனி எங்கே திருத்த?

டெல்மா: இரு... படம் வருது...

மர்டோ: என்ன தெரியுது?

டெல்மா: இருன்னேன்ல. பழைய படத்தைப் பக்கத்துல வெச்சுப் பார்க்கிறேன்.

மர்டோ: டெல்மா...

டெல்மா: இருக்கான்டா. அதே இடம். மயிரிழை பிசகல. பதினொண்ணு புள்ளி ஏழு... மர்டோ? அழறியா?

மர்டோ: மூக்கு உறைஞ்சு போச்சு, அவ்வளவுதான். எஃபி, கேட்டியா? எஃபி?

எஃபி: கேட்டேன். முப்பது வருஷம் சும்மா கிடந்துட்டு இப்படித் திடீர்னு எழுந்தா என்ன அர்த்தம்?

மர்டோ: சும்மா கிடக்கல. அது ரெட்டை நட்சத்திரம். ஒண்ணு மத்ததுகிட்டேருந்து வாயுவை உறிஞ்சு உறிஞ்சு, தன்னைச் சுத்தித் தட்டு மாதிரி சேர்த்து வெச்சுக்கும். தாங்காமப் போற அன்னைக்கு மொத்தமாப் பொங்கிடும்.

டெல்மா: பாடம் அப்புறம் எடு. முதல்ல நம்ம வானியல் சங்கத்துக்கு எழுது. பெரிய தொலைநோக்கி வெச்சிருக்கிறவங்க இன்னைக்கே இந்தப் பக்கம் திரும்பணும். முதல் ரெண்டு மூணு ராத்திரி அவன் வெளிச்சம் துடிக்கிறதுதான் முக்கியம், விட்டா போனதுதான்... இரு, இரு. நேத்து பக்கத்து நட்சத்திரம் ஒண்ணைப் படம் எடுத்தேன். ஓரத்துல இவனும் விழுந்திருப்பான். நேத்து எப்படி இருந்தான்னு பார்த்துடறேன்.

எஃபி: அது எதுக்கு இப்ப? சூப் ஆறுது.

மர்டோ: நேத்து அவன் இல்ல டெல்மா. ராத்திரி ஒம்பது மணிக்குப் பார்த்துட்டு, 'பதினாலு வரைக்கும் தேடியும் தெரியவில்லை'ன்னு சங்கத்துக்கு அனுப்பியாச்சே.

டெல்மா: ...மர்டோ.

மர்டோ: என்ன?

டெல்மா: நேத்தே இருக்கான். பன்னெண்டு புள்ளி ரெண்டு. உன் ஊர் நேரத்துக்கு எட்டரை மணிப் படம். நீ பார்த்ததுக்கு அரை மணி முன்னாடி.

மர்டோ: இருக்க முடியாது.

டெல்மா: பன்னெண்டெல்லாம் உன் தொலைநோக்கிக்கு ஒரு விஷயமா? அரைக்குருடனுக்குக் கூடத் தெரியுமே... மர்டோ? சும்மா வாய் தவறிச் சொன்னேன்...

மர்டோ: தவறல. மார்ச் மாசத்துலேருந்து பார்வைக்கு நடுவுல ஒண்ணும் தெரியல. ரெண்டு கண்ணும். ஓரத்துல மட்டும் கொஞ்சம் வெளிச்சம். போன பார்வை திரும்பாதுன்னுட்டார் டாக்டர்.

டெல்மா: அப்ப... இத்தனை மாசமா நீ அனுப்பின கணக்கெல்லாம்?

மர்டோ: எஃபியோட கண்ணு. வரைபடமெல்லாம் எனக்கு மனப்பாடம். எங்கே பார்க்கணும்னு நான் சொல்லுவேன், என்ன தெரியுதுன்னு அவ சொல்லுவா. என் பேர்ல அனுப்பிட்டிருந்தேன். தப்புதான். முப்பத்தொரு வருஷப் பதிவு என்னால நின்னு போகக் கூடாதுன்னு...

டெல்மா: பாவி. வழக்கமாச் சிவப்பு நட்சத்திரத்தோட வெளிச்சத்தையெல்லாம் கூட்டிக் கூட்டிச் சொல்லுவே. மார்ச்சுக்கு அப்புறம் திடீர்னு சரியாயிட்டே. புதுக் கண்ணாடி போட்டிருக்கேன்னு நெனச்சேன்.

மர்டோ: சங்கத்துக்கு நீயே எழுது டெல்மா. கண்டுபிடிச்சது எஃபின்னு எழுது. மார்ச்சுலேருந்து போனதெல்லாம் அவளோடதுன்னு நானும் திருத்தி எழுதிடறேன். யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்.

டெல்மா: எழுதறேன். ஆனா நேத்துப் பதிவை என்ன பண்ண? படத்துல இருக்கானே.

மர்டோ: எஃபி, நேத்து நான் இடத்தைத் தப்பாச் சொல்லிட்டேனா?

எஃபி: இல்ல.

மர்டோ: தொலைநோக்கிக் கண்ணாடியில பனி படிஞ்சிருந்ததா?

எஃபி: இல்ல மர்டோ. நீ சரியாத்தான் சொன்னே.

டெல்மா: நான் வேணும்னா அப்புறமாக் கூப்பிடறேன்...

எஃபி: வைக்காதே. நீயும்தான் கேட்கணும், அதையும் திருத்தி எழுதணுமே. நேத்தே பார்த்தேன். பார்த்ததும் அவன்தான்னு தெரிஞ்சு போச்சு.

மர்டோ: பார்த்துட்டு... 'இல்ல'ன்னு சொன்னியா? எஃபி, ஒரு ராத்திரி போச்சே! முதல் ராத்திரி!

டெல்மா: முழுசாப் போகல. என் படம் இருக்கு. அவளைப் பேச விடு.

எஃபி: போச்சுதான், தெரியும். டாக்டர்கிட்ட போயிட்டு வந்து நீ நாலு நாள் சுவரைப் பார்த்து உக்காந்திருந்தே. சாப்பிடல, பேசல. அஞ்சாம் நாள் 'சோம்பேறி வந்திருந்தா என்ன பண்றது'ன்னு நீயா எழுந்து பூட்ஸை மாட்டினே. அன்னையிலேருந்து தினம் நான் 'வரல'ன்னு சொல்லுவேன், நீ 'அப்ப நாளைக்கு'ன்னு சொல்லுவே. இன்னைக்கு 'நல்லாப் பார்த்தியா எஃபி'ன்னு கேட்டப்ப ரெண்டாம் தடவை பொய் சொல்ல வாய் வரல. ஆனா நேத்து... அவன் வந்துட்டான்னு சொல்லிட்டா, மறுநாள் நீ எதுக்காக எழுந்திருப்பேன்னு எனக்குத் தெரியல மர்டோ.