கீஸன் முதல் மார்பர்க் வரை

மார்பர்க் நகரக் காவல் நிலையத்தில், 13.10.2018 சனிக்கிழமை முற்பகல் 10.20 மணிக்கு, உதவி ஆய்வாளர் திருமதி யாகோபி பதிவு செய்தது.

என் பெயர் ஃபோல்க்மார் டீட்செல். வயது 57. காஸல் நகரில் தனியாக வசிக்கிறேன். அங்குள்ள ஒரு மருத்துவமனையில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகும் வேலையை இருபத்தாறு வருடமாகச் செய்கிறேன். இறந்தவர்களைக் குளிர் அறைக்குக் கொண்டுபோவதும் என் வேலையில் சேரும். என் மீது இதற்கு முன் வழக்கு எதுவும் கிடையாது. வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று பிராங்க்பர்ட்டில் மகள் வீட்டிலிருந்து ஊர் திரும்புவதற்காகப் பிற்பகல் இரண்டேகால் மணி ரயிலில் ஏறினேன். ஜன்னலோரம் ஒரு வயதான அம்மா மடியில் தகர டப்பாவுடன் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கை காலியாக இருந்ததால் அங்கே உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியதும் டப்பாவைத் திறந்து எனக்கு ஒரு துண்டு பிளம்ஸ் கேக் கொடுத்தார். பெயர் ரோஸ்விதா ஹம்பாக் என்றும், வயது 74 என்றும், மார்பர்க்கில் இருக்கும் அண்ணனைப் பார்க்கப் போவதாகவும் அவரே சொன்னார்.

அண்ணனோடு பத்தொன்பது வருடமாகப் பேச்சு இல்லையாம். தாயார் இறந்ததை, அடக்கம் முடிந்த பிறகு கடிதம் எழுதித்தான் அண்ணன் தெரிவித்தாராம். போன மாதம் அவரே போன் செய்து வரச் சொன்னாராம்.

"என்னைவிட நாலு வயசு பெரியவன். பிடிவாதத்துல நாப்பது வயசு பெரியவன். பிளாட்பாரத்துல வந்து நிக்கிறேன்னு சொல்லியிருக்கான். நிக்கலைன்னா அடுத்த வண்டியில திரும்பிடுவேன், சொல்லிட்டேன்" என்றார்.

மார்பர்க் ஊர் பழக்கமா என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷம் அங்கதான் காலேஜ். மலை மேல இருக்கற ஊரு, படிச்சதவிடப் படி ஏறினதுதான் அதிகம்" என்று சிரித்தார்.

ஃபிரீட்பெர்க் தாண்டியதும் புழுக்கமாக இருக்கிறது என்று கோட்டைக் கழற்றினார். நெற்றி வியர்த்திருந்தது. யாரையாவது கூப்பிடட்டுமா என்று கேட்டேன். "ராத்திரி பூரா தூங்கல, அதான். கண்ண மூடிக்கிறேன். மார்பர்க் வந்தா எழுப்பிடுங்க" என்றார். நான் செய்தித்தாள் படித்தேன்.

கீஸன் வருவதற்குச் சற்று முன் அவருடைய கை டப்பாவிலிருந்து நழுவி என் முழங்கால் மேல் விழுந்தது. கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். வாய்க்கு அருகில் கன்னத்தை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் காத்திருந்தேன். கண் இமையைத் தூக்கிப் பார்த்தேன். இறந்திருந்தார்.

அதன் பிறகு கீஸனில் வண்டி நின்று புறப்பட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. அதன் பிறகு டிக்கெட் பரிசோதிக்கும் பெண் வந்தார். "தூங்கறாங்கம்மா, எழுப்ப வேணாம்" என்று அந்த அம்மாவின் டிக்கெட்டை அவர் பையிலிருந்து நான் எடுத்துக் காட்டினேன். "எங்கம்மாவும் இப்படித்தான், வண்டி நகர்ந்தா தூங்கிடுவாங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டுப் போனார்.

ஏன் மறைத்தீர்கள் என்று உதவி ஆய்வாளர் கேட்டார். சொல்லியிருந்தால் கீஸனிலேயே இறக்கியிருப்பார்கள். அண்ணன் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருப்பார், தங்கை இறங்கமாட்டார். மாலைக்குள் காவல்துறை அவருக்குத் தகவல் சொல்லியிருக்குமே என்று உதவி ஆய்வாளர் சொன்னார். அதுவும் எனக்குத் தெரியும்.

தலை சாயாமல் இருக்க என் தோளைக் கொடுத்தேன். கோட்டை எடுத்துப் போர்த்திவிட்டேன். எதிர் இருக்கையில் பீர் குடித்துக்கொண்டிருந்த மாணவன் ஒருவன், "உங்க அம்மாவா?" என்று கேட்டான். இல்லை என்றேன். பதினேழு நிமிடம் அப்படியே இருந்தேன்.

மார்பர்க்கில் அவரை ஜன்னல் பக்கம் சாய்த்துவிட்டு, கதவு மூடாதபடி வாசலில் கால் வைத்து நின்றேன். டை கட்டிய முதியவர் ஒருவர் கைத்தடியோடு ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஹம்பாக் ஐயாவா?"

"ஆமா. வரலைன்னு சொல்லி அனுப்பினாளா? எனக்குத் தெரியும், அவ வரமாட்டா."

"வந்துட்டாங்க ஐயா. உள்ள இருக்காங்க. ஆனா இறந்துட்டாங்க."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். ஏறுவதற்குக் கை கொடுத்தேன். நான் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். "முடிய வெட்டிட்டா" என்றார்.

அதன் பிறகு நான் போய் டிக்கெட் பெண்ணிடம் சொன்னேன். "என்கிட்ட தூங்கறாங்கன்னு சொன்னீங்களே" என்று அழுதார். மருத்துவரும் காவலர்களும் வந்தார்கள். வண்டி ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும் நின்றது. ஊரை விட்டுப் போகக் கூடாது என்று என்னிடம் சொன்னார்கள்.

அதன் பிறகு ஹம்பாக், "எங்க தங்குவீங்க? என்கூட வாங்க" என்றார். மலை மேல் இருக்கும் பழைய ஊருக்குப் பொது லிப்டில் போய், அங்கிருந்து படி ஏறி அவர் வீட்டுக்குப் போனோம். மேசையில் இரண்டு தட்டு வைத்திருந்தது. உருளைக்கிழங்கு சூப்பைச் சூடாக்கினார். இருவரும் சாப்பிட்டோம்.

"கோபமா இருந்தாளா?" என்று கேட்டார்.

"இல்ல ஐயா. சிரிச்சிக்கிட்டுதான் வந்தாங்க."

"எந்த இடத்துல போச்சு?"

"இங்க கிட்ட வந்துதான். மலை மேல கோட்டை தெரிஞ்சது. 'அதோ, வந்துட்டோம்'னாங்க. அப்புறம்தான்."

அவர் தலையை ஆட்டினார். இரண்டாவது முறையும் சூப் ஊற்றிக்கொண்டார்.

கீஸனில் உயிர் இல்லை என்பது நிச்சயமா என்று உதவி ஆய்வாளர் மூன்று முறை கேட்டார். நிமிடக் கணக்கில் சொல்ல முடியாது என்று மருத்துவர் எழுதியிருப்பதாகவும் சொன்னார். எனக்கு நிச்சயம். ஆனால் நிச்சயம் சொல்வது என் வேலை இல்லை. தள்ளிக்கொண்டு போவதுதான் என் வேலை. நேற்று இரவு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அந்த ஒரு நிமிடத்தைத் திரும்பத் திரும்ப எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் அறுபதுதான் வந்தது.

நேற்று நான் இரண்டு பொய் சொன்னேன். டிக்கெட் பெண்ணிடம் ஒன்று, ஹம்பாக்கிடம் ஒன்று. இந்தத் தாளில் பொய் இல்லை. நான் சொன்னபடியே எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார்கள். திருத்தம் எதுவும் நான் கேட்கவில்லை. ஹம்பாக் இதைப் படிக்க வாய்ப்பு உண்டா என்று மட்டும் கேட்டேன். உடன்பிறந்தவர் கேட்டால் காட்டவேண்டி வரும் என்று உதவி ஆய்வாளர் சொன்னார். ஹம்பாக் வெளியே பெஞ்சில் எனக்காகக் காத்திருக்கிறார். இது தெரிந்தே கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
ஃபோ. டீட்செல்