முதல் குளிரூட்டல்

மலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஸ்வெட்டர் கொண்டு வருகிறார்கள். மாற்றுக் காலுறை கொண்டு வருகிறவர்களைத்தான் பார்க்க முடிவதில்லை. சுரங்கத்துக்குள் கணுக்கால் வரை தண்ணீர் ஓடும் என்று அழைப்புக் கடிதத்திலேயே சொல்கிறோம். இருந்தும் பெரிய பெரிய பேராசிரியர்கள் நனைந்த காலோடு விடுதிக்குத் திரும்பி, சமையற்கார மூக்கம்மாவின் அடுப்போரம் காலுறையைக் காயப்போட்டுவிட்டு வெறுங்காலோடு உட்கார்ந்திருப்பார்கள்.

நிதானமாகச் சொல்லலாம் என்று நீங்கள் சொன்னதால் வரிசையாகவே சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் சார். என் பெயர் ஹரிதாஸ். குந்தா மலைக்குள் இருக்கும் ஆய்வு நிலையத்தில், வெளியூரிலிருந்து பரிசோதனை செய்ய வருகிற விஞ்ஞானிகளுக்குப் பொறுப்பாளர். டாக்டர் யூனிஸ் இறந்தது பற்றிய விசாரணைக் குழுவின் அறிக்கையை நேற்று படித்தேன். நிலையத்தின் பாதுகாப்பு ஏற்பாடுகள் போதவில்லை என்கிறது. அறைக்குள் காற்றை ஓட்டும் காற்றாடியைக் கவனிக்க வேண்டிய எங்கள் உதவியாள் நஞ்சப்பன் கவனிக்காமல் போய்விட்டான் என்கிறது. நிலையத்தை மூடிவிடலாம் என்று முடிக்கிறது. மூன்றுமே தவறு. தவறான முடிவு பதிவாகிவிடக் கூடாது என்றுதான் நானே பஸ் ஏறி உங்களிடம் வந்தேன்.

நிலையம் என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மின்திட்டத்துக்காகத் தோண்டிப் பாதியில் கைவிட்ட பக்கச் சுரங்கம் அது. வானத்திலிருந்து எந்நேரமும் கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் நம்மேல் விழுந்துகொண்டே இருக்கின்றன. தலைக்கு மேல் அவ்வளவு பாறை இருப்பதால் அவை உள்ளே வருவதில்லை. சந்தைக்குள் நின்று ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்க முடியுமா? சந்தை கலைந்த பிறகு கேட்கலாம். அதுபோல, ஒரு பிடி மண்ணிலோ எலும்பிலோ இருக்கும் மிக மெல்லிய கதிரியக்கத்தைக்கூட அந்த அறையில் அளந்துவிடலாம்.

அதற்காக நாடெங்கும் இருந்து விண்ணப்பிக்கிறார்கள். என்ன அளக்கப் போகிறீர்கள், ஏன் இங்கேதான் அளக்க வேண்டும், என்ன கருவி கொண்டு வருகிறீர்கள், அதனால் என்ன ஆபத்து வரும் என்றெல்லாம் எழுத வேண்டும். பெங்களூரில் ஒரு குழு கூடிப் படிக்கும். பெரும்பாலானவை திரும்பிப் போய்விடும். விஷயம் இல்லாததால் அல்ல, கேட்கத் தெரியாததால். அவர்களுக்குக் கேட்கச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. நான் எம்.எஸ்சி.யோடு நின்றவன். என் பெயரில் விண்ணப்பம் போட விதி இடம் தராது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. என் கை படாமல் அந்த மலைக்குள் போன பரிசோதனை எதுவும் கிடையாது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

யூனிஸ் நாகர்கோவில் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர். அவருடைய ஊர்க் கடற்கரை மணலில் இயல்பாகவே கதிரியக்கம் உண்டாம். அங்கே ஓடி விளையாடும் பிள்ளைகளின் உடம்பில் அது எவ்வளவு சேர்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. உயிரோடு இருக்கும் பிள்ளையின் எலும்பை யாரிடம் கேட்பது? விழுந்த பால்பற்களைக் கேட்டு வாங்கினார். முதல் விண்ணப்பம் முழுக்கப் பிள்ளைகளின் கதை. குழு திருப்பி அனுப்பியது. இரண்டாவதில் பல்லை எப்படிப் பதப்படுத்துவார் என்று சொல்ல மறந்துவிட்டார். நானே போன் செய்து, ஒவ்வொரு பத்தியாகத் திருத்தச் சொன்னேன். மூன்றாவது முறை இடம் கிடைத்தது. போனில் அழுதுவிட்டார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அதை நான் மறைக்கவில்லை.

ஆடி மழையில் வந்து இறங்கினார். கருவிப் பெட்டிகளுக்குக்கூட அவ்வளவு பத்திரம் இல்லை. பற்கள் இருந்த தகரப்பெட்டியை மடியில் வைத்தபடியே ஜீப்பில் வந்தார். ஹோமியோபதி மருந்துக் குப்பிகளில் ஆளுக்கொரு பல், மேலே பிள்ளையின் பெயர். மூக்கம்மா சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். அவளுக்கு அதைப் பார்த்ததும் ஒரே வேடிக்கை.

"ஏன் மிஸ், எங்கட சின்ன மகளுக்கும் போன கெழம பல்லு விழுந்திச்சு. கொண்டாரவா?"

"கொண்டாங்கம்மா. மலைப் பிள்ளையோட பல்லும் வேணும்லா, ஒத்துப் பாக்கதுக்கு."

அந்தப் பல்லும் பெட்டிக்குள் போனது.

வந்தவர்கள் தங்கள் கருவியை உடனே உள்ளே கொண்டுபோய்விட முடியாது. மேலே இருக்கும் கொட்டகையில் கருவியைப் பூட்டி, ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த இடைவேளையில், சுரங்க அறையில் எங்களுடைய கருவியை வைத்து, வேறு எதையும் உள்ளே வைக்காமல் வெறும் அறையை அளக்க வேண்டும். வெறும் அறை எவ்வளவு காட்டுகிறது என்று தெரிந்தால்தான் பல் எவ்வளவு காட்டுகிறது என்று தெரியும். எல்லோரும் இதை ஒப்புக்குச் செய்வார்கள். நாங்கள் அச்சடித்துக் கொடுத்திருக்கும் எண்ணே இருக்கிறதே என்று விட்டுவிடுவார்கள். யூனிஸ் விடவில்லை. காலையிலும் மாலையிலும் போனார். சுவரில் வழியும் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கடைசியில் கொட்டகையில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"சார், மழை பெய்ஞ்சா மறுநாள் அளவு ஏறுது. மழை வெறிச்சா எறங்குது. பாறையில எங்கயோ புதுசாக் கீறல் விழுந்திருக்கு. தண்ணியோட சேந்து கதிரியக்க வாயுவும் உள்ள வருது."

"மழை விட்டப்பறம் உங்க பல்லை அளந்துக்கலாங்க," என்றேன்.

"நான் அளந்துக்கிடலாம். போன வருசம் மழையில வந்தவங்க அளந்துட்டுப் போயிருக்காங்களே சார், அவங்களுக்குத் தெரியண்டாமா?"

அவராகவே வழியும் சொன்னார்.

"ஒரு சீசன் மூடிட்டு, கீறலைக் கண்டுபிடிச்சு அடைச்சா சரியாயிரும். நானே கமிட்டிக்கு எழுதுகேன். உங்க மேல ஒரு கொறையும் வராம எழுதுகேன்."

அவர் அதை அன்போடுதான் சொன்னார். ஆனால் அவருக்கு விவரம் தெரியாது. ஒரு சீசன் மூடினால் பெங்களூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். ஓர் எம்.எஸ்சி.க்காரன் கையில் எப்படி இதை விட்டு வைத்தீர்கள் என்று யாராவது கேட்பார்கள். டாக்டர் பட்டம் பெற்ற ஒருவரைக் கொண்டு வந்து உட்கார வைப்பார்கள். அவருக்கு எந்தக் கல்லூரிக்காரர் எங்கே தடுமாறுவார் என்று தெரியுமா? போன் செய்வாரா? அடுத்த பருவத்துக்குக் காத்திருந்த அத்தனை பேரையும் நினைத்தேன். நஞ்சப்பனை நினைத்தேன், மூக்கம்மாவை நினைத்தேன். ஒருபக்கம் இவர்கள் எல்லோரும், இன்னொரு பக்கம் ஒருவர். அளப்பது எங்கள் தொழில். அளந்து பார்த்தேன்.

யூனிஸ் மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை. அவருடைய கருவி முதல் முறை குளிர்ந்து வேலை செய்கிற வரைக்கும் பொறுத்திருங்கள், பிறகு எழுதலாம் என்று கேட்டுக்கொண்டேன். எனக்காகச் சம்மதித்தார்.

முதல் குளிரூட்டல் என்பது விசேஷமான வேலை. கருவியைத் திரவ நைட்ரஜனில் குளிர வைக்க வேண்டும். சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி, ஊற்ற ஊற்ற அது கொதித்து ஆவியாகிவிடும். அறை முழுக்க வெள்ளைப் புகை எழும்பும். அந்த ஆவிக்கு விஷம் கிடையாது. மூச்சுக் காற்றைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். இதற்காக நிலையத்தில் நான்கு ஏற்பாடுகள் உண்டு. நான்கையும் வகுத்தவன் நான். இதில் ஏதாவது ஒன்று வேலை செய்திருந்தாலும் யூனிஸ் பிழைத்திருப்பார். அவ்வளவு நல்ல ஏற்பாடு அது. போதவில்லை என்று எப்படி எழுதினார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

முதலாவது, வகுப்பு. உள்ளே போகும் முன் ஒவ்வொருவருக்கும் நான் எடுப்பது. "இதுக்கு வாசனை இல்லை, மூச்சு முட்டாது, கால் தளர்ந்தாலோ தலை சுத்தினாலோ யோசிக்காம வெளியே ஓடி வந்துருங்க" என்று சொல்லி, திருப்பியும் சொல்லச் சொல்வேன். யூனிஸுக்கு எடுத்த வகுப்பில் அதை மட்டும் விட்டுவிட்டேன். அவருக்குத் தெரியாததில்லை. ஆனால் அவருடைய கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எந்நேரமும் கடல்காற்று வீசும், ஜன்னல் திறந்தே கிடக்கும். தெரிந்த விஷயத்தையும் சரியான நேரத்தில் ஒருவர் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. வகுப்பு எதற்கு, அதற்குத்தானே. "அவ்வளவுதானா சார்?" என்று கேட்டார். "அவ்வளவுதாங்க," என்றேன். அன்று நான் செய்தது அதுதான் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வாக்கியத்தை விட்டேன், வேறென்ன.

இரண்டாவது, சுவரில் இருக்கும் எச்சரிக்கைக் கருவி. மூச்சுக் காற்று குறைந்தால் அலறும். காலையிலேயே அதன் பேட்டரியைக் கழற்றிவிட்டு மூடியை மாட்டிவைத்தேன். மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல், அது பழுதாகியிருந்தது என்று அறிக்கை சொல்கிறது. இல்லை, நல்ல கருவி. பேட்டரி என் மேஜையில் இருக்கிறது.

மூன்றாவது, காற்றாடி. நஞ்சப்பனைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அவன் படுகர் வீட்டுப் பையன். ஊரில் பண்டிகை. அப்படியும் போக மனமில்லாமல் கொட்டகை வாசலில் நின்றான்.

"ஏனுங்க சார், மேடம் மொதத் தடவ ஊத்தறாங்க. நான் இருந்து பாத்துட்டு சாயங்காலம் போறனுங்களே."

"பண்டிகை நாள்ல ஊட்டுக்குப் போகாம இங்க என்ன பண்றே? நான் இருக்கறேன், போ," என்றேன்.

காற்றாடியைப் போட்டுவிட்டு, அது சுற்றுவதைப் பார்த்துவிட்டுத்தான் போனான். அவனுடைய ஜீப் வளைவு திரும்பிய பிறகு நான்தான் அணைத்தேன். அவனை வேலைநீக்கம் செய்தது சரியில்லை. அவனைப் போல ஓர் ஆள் நிலையத்துக்குக் கிடைக்கமாட்டான்.

நான்காவது, வெளியே நிற்கும் ஆள். உள்ளே ஒருவர் வேலை செய்தால் அறைக் கதவுக்கு வெளியே ஒருவர் அறையோடு இணைத்த போனோடு நிற்க வேண்டும். நின்றேன். மதியச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் யூனிஸ் உள்ளே போனார். கொஞ்சம் ஊற்றியபின் போனில் கேட்டார்.

"சார், ஃபேன் ஓடுதா? சத்தமே கேக்கல்லியே."

"ஓடுதுங்க. தண்ணி ஓடற சத்தத்துல கேக்கலை."

"நல்லாப் புகையுது சார். பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்திருந்தா சந்தோஷப்பட்டிருக்கும்." சிரித்தார்.

எல்லோரும் அந்த நேரத்தில் சிரிப்பார்கள். மாதக்கணக்காகக் காத்திருந்தது கண்முன்னால் நடக்கத் தொடங்கும் நேரம் அது. அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காகவே நான் இந்த வேலையில் இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

விசாரணைக் குழு வந்து போன மறுவாரம் அந்தக் கீறலைத் தேடினேன். யூனிஸ் சுண்ணாம்புக் கட்டியால் சுவரில் வட்டம் போட்டு வைத்திருந்தார், அதனால் சிரமம் இல்லை. சிமென்ட் குழைத்து நானே பூசினேன். ஒரு பிற்பகல் வேலை. இப்போது மழை பெய்தாலும் அளவு ஏறுவதில்லை. நிலையம் முன்னைவிட நன்றாக இருக்கிறது. இதையும் அறிக்கையில் சேர்க்க வேண்டும். பற்கள் கொட்டகை அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றை அளக்க ஆளில்லை. அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் முடிவுக்காகக் காத்திருப்பார்கள். விதியைக் கொஞ்சம் தளர்த்தினால் நானே அளந்து, என் பெயரிலேயே வெளியிட்டுவிடலாம். யூனிஸுக்கு நன்றி சொல்லி ஒரு வரி போடுவேன்.

இன்னும் ஒரு திருத்தம் இருக்கிறது. யூனிஸ் கருவியின் பக்கத்திலேயே மயங்கி விழுந்தார், தனக்கு என்ன ஆகிறது என்றே அவருக்குத் தெரிந்திருக்காது என்று அறிக்கையில் இருக்கிறது. அவருடைய அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று எழுதினார்களோ என்னவோ. அவருக்குத் தெரிந்தது. "கால் ஒரு மாதிரி வருது சார்" என்றார், போன் கீழே விழுந்தது. நான் சொல்லாமல் விட்ட வாக்கியம் அவருக்கே ஞாபகம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். சுவரைப் பிடித்துக்கொண்டு அறைக் கதவு வரைக்கும் வந்துவிட்டார். பிறகு காற்றாடியைப் போட்டு, காற்று தெளிந்ததும் உள்ளே போய், அவரைக் கருவியின் பக்கத்தில் கொண்டுபோய்க் கிடத்தியது நான்.

அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு குழந்தை உள்ளேயிருந்து தள்ளினாலும் வெளிப்பக்கம் திறந்துகொள்ளும். அப்படித்தான் செய்யச் சொல்லியிருந்தேன். அன்று நான் அதன்மேல் முதுகைக் கொடுத்து நின்றேன். அவர் தள்ளுவது முதுகில் தெரிந்தது. "சார்" என்றார். கொஞ்ச நேரத்தில் தள்ளுவது நின்றுவிட்டது.

கதவில் எந்தக் குறையும் இல்லை. தயவுசெய்து அதை எழுதிக்கொள்ளுங்கள்.