வாயையே பார்க்கிற சுகுணா

போன வருஷம் இதே மாதிரி ஒரு பெற்றோர் கூட்டத்துல ஒரு அப்பா எழுந்து கேட்டார். "சார், எங்க வீட்டுல யாரும் படிச்சதில்லை. என் பொண்ணுக்கு நாங்க என்னத்தைக் குடுத்திருக்க முடியும்?" அன்னைக்கு நேரமில்லை. இப்ப சொல்றேன்... சின்னக் கதைதான், கேளுங்க.

பள்ளிபாளையத்துல அர்த்தனாரின்னு ஒரு விசைத்தறிக்காரர். வீட்டை ஒட்டியே தறிக்கூடம். எட்டுத் தறி ஓடும். தடக் தடக் தடக்... அந்தச் சத்தத்துல பேச முடியுமா? ஒண்ணு, கத்தணும். இல்லைன்னா உதட்டை மட்டும் அசைக்கணும். "நூல் அறுந்துருச்சு", "சாப்பிட வா"... எல்லாம் உதட்டுலதான். அவர் மகள் சுகுணா அங்கேயே வளர்ந்தா.

நர்ஸ் படிப்பு முடிச்சு ஈரோட்டுல ஒரு ஆஸ்பத்திரியில சேர்ந்தா. ஒரு மாசம் பார்ப்பாங்க. பிடிச்சாத்தான் வேலை. ரெண்டாம் நாளே தலைமை நர்ஸ் ரோசலின் கூப்பிட்டாங்க.

"ஏம்மா, நான் பேசினா கண்ணைப் பார்க்க மாட்டியா? வாயையே பார்க்குற. பல்லுல கீரை ஒட்டியிருக்கா?"

"இல்லைங்க சிஸ்டர்... பழக்கமுங்க."

"குரல் வேற, பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுற மாதிரி. மாத்திக்க. இல்லைன்னா ஊருக்குக் கிளம்பு."

சுகுணா வீட்டுக்குப் போன் போட்டா. "அப்பா, உங்க தறியால என் வேலை போகப் போகுது." அர்த்தனாரி என்ன சொல்வார்? பாவம், போனை வச்சுட்டுத் தறி ஓட்டப் போயிட்டார்.

இருபத்தாறாம் நாள்... கழுத்துல குழாய் வச்ச ஒரு பெரியவர். குரல் வராது. கை நடுக்கம், எழுதவும் முடியலை. உதடு மட்டும் அசையுது. டாக்டர் கேட்கிறார், "வலிக்குதா? தண்ணி வேணுமா? மகனைப் பார்க்கணுமா?" எல்லாத்துக்கும் இல்லை, இல்லைன்னு தலையாட்டுறார். கண்ணுல தண்ணி வந்துருச்சு.

பக்கத்துக் கட்டில்ல விரிப்பு மாத்திட்டிருந்த சுகுணா திரும்பிப் பார்த்தா. வார்டே அதிர்ற மாதிரி சொன்னா: "இடது கால் மரத்துப் போச்சுங்கிறாருங்க. காலையிலிருந்து சொல்றாராமுங்க."

போர்வையை விலக்கினா... கால் சில்லுன்னு நிறம் மாறிக் கிடக்கு. ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கு. உடனே ஆபரேஷன். கால் தப்பிச்சது.

மறுநாள் ரோசலின் வந்தாங்க. "சுகுணா, இந்த வார்டு இனிமே உனக்குத்தான். யார் வாயை வேணாலும் பாரு. என் காதுகிட்ட மட்டும் கொஞ்சம் இரக்கம் காட்டு."

யோசிச்சுப் பாருங்க... இதை எந்தக் காலேஜ் சொல்லிக் குடுத்தது? அர்த்தனாரியும் உட்கார வச்சுக் கத்துக் குடுக்கலை. அவர் தறி ஓட்டினார், அவ்வளவுதான். வீடு குடுக்கிறது எல்லாமே நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன். அந்தக் குரலும் அதே வீடு குடுத்ததுதானே? ஆனா எதுவுமே குடுக்காத வீடுன்னு ஒண்ணு கிடையாது. கடை வச்சிருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு மனுஷங்க முகம் படிக்கத் தெரியும். ஒரே அறையில ஆறு பேர் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு இரைச்சல்லயும் படிக்கத் தெரியும். நாமதான் அதைத் திறமைன்னு எண்ணுறதில்லை.

இன்னைக்கு சாப்பிட உட்காரும்போது உங்க பிள்ளையைக் கேளுங்க: "நம்ம வீட்டுல இருக்கிறதால உனக்கு என்ன தெரியும்?" பதில் வர்ற வரைக்கும் நீங்க வாயைத் திறக்காதீங்க.