சித்தப்பா துடைத்த பாட்டில்

புகார் கொடுத்த நாற்றுப் பண்ணைக்காரரின் மூத்த மகள் நான். வயது முப்பத்து நான்கு. பண்ணையை ஒட்டிய வீட்டில் பெற்றோருடன் வசிக்கிறேன். நிலவியல் ஆய்வுக்கூடத்தில் தண்ணீரையும் பாறையையும் பரிசோதிப்பது என் வேலை. குற்றம் சாட்டப்பட்டிருக்கும் ஐஸ் பேக்டரிக்காரர் என் அப்பாவின் கூடப்பிறந்த தம்பி, எனக்குச் சித்தப்பா.

இந்தக் கோடையில் எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக் கரிக்கத் தொடங்கி நாற்றுகள் கருகின. வேலிக்கு அந்தப் பக்கம் சித்தப்பா ஐஸ் உறைய வைக்கும் உப்புக் கரைசல் தொட்டி இருப்பதால், அவர்தான் கழிவை மண்ணில் விடுகிறார் என்று அப்பா முடிவுகட்டி, யார் சொல்லியும் கேளாமல், பேக்டரிக்குப் பூட்டுப் போடச் சொல்லி இந்தக் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. அம்மாவின் காப்பி டம்ளர் மட்டும் வேலி தாண்டிப் போய் வந்தது.

அதன் பிறகு நான் கிணற்று நீரைப் பரிசோதித்தேன். உப்பில் இருக்கும் குளோரினில் கனமான அணு, லேசான அணு என இரண்டு வகை உண்டு. எத்தனை காலமானாலும் இரண்டும் சிதையாதவை. உப்பு களிமண்ணுக்குள் ஆயிரக்கணக்கான வருடங்கள் ஊர்ந்து வந்தால் லேசானது முந்திக்கொள்ளும். மூட்டை உப்பைக் கரைத்து ஊற்றினால் இந்த முந்தல் பிந்தல் இருக்காது. எது எந்த உப்பு என்று எங்கள் கருவி பிரித்துச் சொல்லிவிடும்.

முதல் பரிசோதனை சித்தப்பாவுக்கு எதிராக வந்தது. சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் என்றால் ஐஸை உடைத்துத் துணியில் சுற்றிக்கொண்டு முதலில் ஓடிவந்தவர் அவர். ஆனாலும் முடிவை மறைக்க மனம் வராமல், நேராகப் போய் அவரிடமே சொன்னேன். "என்ன வந்துச்சோ அதையே எழுதும்மா. எனக்காக மாத்தி எழுதி உன் வேலைய கெடுத்துக்காத," என்றார். பிறகு, "தண்ணி புடிக்க வேலியோரம் நீ வெச்சிருந்த காலி பாட்டில் தூசியா இருந்துச்சு. நான்தான் கழுவி, உள்ள ஒரு சொட்டு ஈரம் இல்லாம துடைச்சு வெச்சேன்," என்றார்.

எதால் துடைத்தீர்கள் என்று கேட்டேன். தோளில் கிடந்த துண்டைக் காட்டினார். நாள் முழுவதும் தொட்டிக் கரைசல் பட்டுப் பட்டு, உப்புப் பூத்து விறைத்திருந்த துண்டு. எனக்கு உதவுவதாக நினைத்துத் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

அதன் பிறகு புது பாட்டிலில், கையுறை அணிந்து, அப்பாவை அருகில் நிற்க வைத்து மறுபடி நீர் எடுத்தேன். எங்கள் கூடத்திலும், எங்கள் குடும்பத்தை அறியாத வேறொரு கூடத்திலும் ஒரே முடிவு வந்தது. லேசான அணுக்கள் அதிகம். களிமண்ணுக்கு அடியில் கிடக்கும் பழங்காலக் கடல்நீரிலிருந்து மெல்ல மேலேறி வந்த உப்பு அது. போன வருடம் அப்பா கிணற்றை ஆழப்படுத்தியதில் துளை அந்த உப்பை எட்டிவிட்டது. சித்தப்பாவின் தொட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இதைக் கேட்ட அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வேலியைச் சுற்றிப் போனார். நானும் பின்னால் போனேன். சித்தப்பாவின் தோளைப் பார்த்து, "அந்தத் துண்டைத் தூக்கிப் போடுடா. புதுசு வாங்கித் தரேன்," என்றார். "சரிண்ணே," என்று சித்தப்பா அதே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உப்புப் பட்டு எரிந்ததில் இன்னும் கண்ணீர் கொட்டியது. அப்பா அவரைக் குழாயடிக்கு இழுத்துப்போய் முகம் கழுவிவிட்டார்.

புகாரைத் திரும்பப் பெற அப்பாவும் வந்து, சித்தப்பாவுடன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னது அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
பண்ணைக்காரர் மகள். ஐஸ் பேக்டரிக்காரருக்கும் மகள்.