முறையாகச் சாகத் தெரியாத ஊர்

இந்த ஸ்டேஷன் காப்பி பரவாயில்லை, லாயே. மச்சான் முறை வைத்துக் கூப்பிடுகிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். நீங்கள் இன்ஸ்பெக்டர் என்பது இந்த மேஜைவரைக்கும்தான். என் மனைவி பிறந்த குலத்தில் நீங்களும் பிறந்திருப்பது பதினான்கு தலைமுறைச் சமாசாரம். உட்கார்ந்ததும் குலம் கேட்டேனே, அப்போதே என் வழக்கு முடிந்துவிட்டது. பெண் கொடுத்த வீட்டாரிடம் பொய் சொன்னால் வயல் விளையாது என்பது நம் பத்தாக் ஜனத்தின் நம்பிக்கை. எனக்கு வயல் கிடையாது. இருந்தாலும் முறை முறைதானே. வேறு குலத்து அதிகாரியாக இருந்தால் என்னிடமிருந்து ஒரு சொல் பெயர்ந்திருக்காது.

ஜோங்கி சிலாயென், வயது அறுபத்தாறு. ஏரிக்கரைப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருஷம் பாட்டு வாத்தியார். ஊர் என்னைக் குரு என்றுதான் கூப்பிடும். கோயில் பாடகர் குழு, ரத்த தான முகாம், ஏரியில் மிதக்கும் குப்பையைப் பொறுக்குவது, இழவுக் கமிட்டிச் செயலாளர் பதவி, எல்லாம் நான்தான். வியாழக்கிழமைதோறும் சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கி, நடக்கமாட்டாத கிழவர்களுக்கு வீடு தேடிப் போய்க் கொடுப்பேன். சம்பளமில்லாத வேலை. நல்ல மனசு உள்ளவனுக்கு ஓய்வு ஏது.

சாவில் முழு மேளம் யாருக்கு என்பது உங்களுக்கே தெரியும். இருந்தாலும் எழுதிக்கொள்ளட்டும் என்று சொல்கிறேன். பிள்ளைகள் அத்தனை பேருக்கும் கல்யாணமாகி, எல்லார் வீட்டிலும் பேரப்பிள்ளை கண்டு, வம்சத்தில் ஒருவரையும் தனக்கு முன்னால் மண்ணுக்குக் கொடுக்காமல் போகிறவருக்குத்தான் அது. வரிசை மத்தளம், நான்கு சேமக்கலம், நாயனம், இரண்டு பகல். அழக்கூடாது, ஆட வேண்டும். அந்த இரண்டு பகலுக்காக இருபத்திரண்டு வருஷமாக ஒரு மேள வரிசை அமைத்து வைத்திருந்தேன். யாருக்கு வாசிப்பது, அந்த ஆள்தான் கிடைக்கவில்லை.

இந்த ஊருக்கு முறையாகச் சாகத் தெரியாது, லாயே. ஒருவருக்கு எட்டுப் பிள்ளைகளில் ஏழு பேருக்குக் கல்யாணம் ஆயிற்று. எட்டாவது, ஜகார்த்தாவில் மோட்டார் சைக்கிளே போதும் என்று இருந்துவிட்டான். தொண்ணூற்று நான்கு வயதுக் கிழவி ஒருத்தி எல்லாம் நிறைந்திருந்தாள். அவளுக்கு ஒரு மாதம் முன்னால் ஒரு பேரன் பஸ்ஸில் அவசரப்பட்டுவிட்டான். இன்னொருவர், குறையே இல்லாத மனிதர், எண்பது வயதில் மேளம் சாத்தான் வேலை என்கிற சபையில் போய்ச் சேர்ந்தார். அவரைக் கிடார் வாசித்துப் புதைத்தார்கள். கிடார்.

மிச்சம் இருந்தவர் ஓம்பு தியார்மா. தலைப்பேத்தி தியார்மாவின் பெயரால் வந்த பட்டம் அது; நேரில் கூப்பிடும்போது எல்லாருக்கும் ஓப்புங், அதாவது தாத்தா. எண்பத்தெட்டு வயது, ஆறு பிள்ளைகள், இருபத்து மூன்று பேரப்பிள்ளைகள், ஒருவர் குறையவில்லை. இருதயம் மட்டும் கொஞ்சம் பலவீனம். அவர்மேல் எனக்கு உயிர். பார்க்கும்போதெல்லாம் உடம்பு எப்படி என்று கேட்பேன். பதிலைக் கவனமாகவும் கேட்பேன்.

ஜூன் மாதம் அவருடைய மூத்த மகன் பர்லினை மேடானில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஈரல் போய்விட்டது, இரண்டு மாதம் தாங்கினால் பெரிசு என்று டாக்டர் சொன்னதாக, அப்பாவைக் கவனித்துக்கொள்ளும் மகள் ரொமாஸ் என்னிடம் அழுதாள். நீங்களே சொல்லுங்கள். மகன் ஒரு நாள் முந்திக்கொண்டால் அப்பாவின் எண்பத்தெட்டு வருஷப் பெருமை என்ன ஆகும்? ஒரு ஞானப்பாட்டு, ஒரு பெட்டி, நாலு பேர் ஒப்பாரி. கண்ணெதிரே ஒரு பெரியவர் மானம் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. என் சுபாவம் அப்படி.

அடுத்த வியாழக்கிழமையிலிருந்து அவருடைய இருதய மாத்திரைக்குப் பதில் புதினா மிட்டாய் கொண்டுபோனேன். சின்னது, வெள்ளை, அதே அளவு.

"குரு, மருந்து இப்பல்லாம் இனிக்குதேப்பா."

"கம்பெனி மாத்திட்டாங்க, ஓப்புங்."

"நல்ல கம்பெனி. முன்ன இருந்தவனுக்கு நம்ம மேல என்ன கோபமோ, அப்படிக் கசந்துச்சு."

ரொமாஸ் வாழைப்பழம் பொரித்துக் கொடுத்தாள். "இத்தோ, நீங்க இல்லன்னா அப்பா கதி என்னவோ," என்றாள். அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் கூப்பிடும் அந்தச் சொல்லால்தான் என்னை எப்போதும் அழைப்பாள். நான் ஒன்றும் பெரிதாகக் கொடுத்துவிடவில்லையம்மா என்றேன். அது பொய்யில்லை.

மூன்றாம் வாரம் அவருக்குக் கால் வீங்கியிருந்தது. பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"எனக்கு மேளமெல்லாம் வேணாம்பா. உன் சேமக்கலத்தக் கேட்டாலே தலை வலிக்குது. உடம்பத் தேத்திக்கிட்டு ஒரு தடவ மேடான் போயி பர்லினப் பார்த்துட்டா போதும்."

"கண்டிப்பா போகலாம், ஓப்புங். வேளைக்கு ரெண்டா போட்டுக்குங்க," என்று கூடுதலாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான்காம் வியாழன் போய்ச் சேர்ந்தார்.

மேளம் எப்படி இருந்தது என்று நான் சொல்லக்கூடாது. நீங்களும் வந்திருந்தீர்கள், உங்கள் கால் சும்மா இருக்கவில்லை, பார்த்தேன். ஒரே குறை பர்லின். இழவு கேட்டு வந்து இறங்கினான், கன்னம் சிவக்க. சந்தேகப்பட்டுப் பினாங்கு போய்க் காட்டியிருக்கிறான். ஈரலெல்லாம் இல்லை, பித்தப்பையில் கல் என்று எடுத்து எறிந்துவிட்டார்களாம். இந்த மேடான் டாக்டர்களை நம்பி ஒரு நல்ல காரியம் செய்ய முடிகிறதா?

இரண்டாம் பகல் அவன் ஆடிய ஆட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ரொமாஸ் உள்ளே ஓடி அப்பாவின் டப்பாவை எடுத்து வந்தாள்.

"வாயத் திற, இத்தோ. அப்பா மாத்திரை."

அவன் சப்பினான். யோசித்தான். மறுபடி சப்பினான்.

"இத்தோ, இது புதினா மிட்டாய்."

மேளம் ஓய்ந்து நாயனம் எடுப்பதற்கு முன்னால் எட்டு மாத்திரை மௌனம் வைத்திருந்தேன். சரியாக அதில் சொன்னான். அறுநூறு பேருக்கும் கேட்டது. அந்த மௌனத்தைக் குறைத்திருக்கலாம். அது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன்.

மற்றதையும் ஒப்புக்கொள்கிறேன். மருந்தை நிறுத்தினேன், அவர் செத்தார். அதற்காகத்தான் நிறுத்தினேன். எழுதிக்கொள்ளுங்கள். மேளத்துக்காக என்று மட்டும் எழுத வேண்டாம். அவருடைய மரியாதைக்காக.

அந்தக் கடைசி வியாழன் ரொமாஸ் சந்தைக்குப் போயிருந்த இரண்டு மணி நேரமும் நீங்க அங்கதானே இருந்தீங்க, நர்ஸ் வீடு எதிர்வீடு, கூப்பிடாம என்ன செஞ்சீங்க என்று கேட்கிறீர்கள். ஒரு கிழவரைத் தனியாகவா சாக விடுவது? மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். நாடி முதலில் ஓடியது, பிறகு தடுக்கியது, பிறகு மூன்றுக்கு ஒன்றாக விட்டுவிட்டு வந்தது. அவர் என் கையை விடவேயில்லை. நானும் ஒரே ஒரு தடவைதான் விட்டேன், அந்தத் தாளம் மறந்துபோவதற்குள் குறித்துக்கொள்ள.